எதிராளியின் பயிற்சியாளருக்கு எங்கள் சம்பளம்

எங்கள் அணியில் அதிகச் சம்பளம் வாங்குகிறவர் எங்கள் அணியில் இல்லை. ஃபுளோரிடாவில் படகு வாங்கி மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். பந்தை எறிவதற்காக அவரைக் கொண்டுவந்தோம். அவர் எறிந்ததில் பாதி எதிராளி கையில் போய் விழுந்தது. அனுப்பிவிட்டோம். ஆள் போனார், கணக்கு போகவில்லை.

எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் காலுக்கு வேலை குறைவு, தோளுக்கும் கணக்குப் பிள்ளைக்கும்தான் அதிகம். ஆட்டக்காரர்களுக்கு ஓர் அணி வருஷத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று ஒரு கோடு உண்டு. சம்பள உச்சவரம்பு. தாராளமான முதலாளிக்கும் அதே கோடு, கஞ்சனுக்கும் அதே கோடு. அந்தக் கோட்டை ஏய்க்க ஆசைப்படுகிற அணி ஒரு தந்திரம் செய்யும். பணத்தை இன்றைக்கே ஆட்டக்காரர் கையில் கொடுத்துவிட்டு, கணக்கில் மட்டும் அடுத்தடுத்த வருஷங்களின் தலையில் கட்டிவிடும். ஆள் நடுவில் கிளம்பிவிட்டால் மிச்சக் கணக்கு அணியின் கழுத்தில் தொங்கும். இதற்குப் பேய்ச் சம்பளம் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் பழைய மேலாளர் இஷ்டத்துக்குத் தள்ளிவைத்த வருஷங்கள் எல்லாம் அந்த ஜனவரியில் ஒன்றாக வந்து என் மேஜையில் உட்கார்ந்தன. அவரையும் அனுப்பியாகிவிட்டது. புதியவர் வரும்வரை எல்லாம் என் பொறுப்பு. வந்த பிறகு நான் இருப்பேனா என்பது வேறு கேள்வி.

நான் இலோனா சாபோ. டொலிடோ அணியின் சம்பளக் கணக்கு என்னுடையது. பிறந்தது வளர்ந்தது இதே ஊரில், ஆற்றுக்குக் கிழக்கே ஹங்கேரிக்காரர்கள் தெருவில். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும். அந்த வியாழக்கிழமை காலை மிளகாய்க் கறி ஊற்றிய ஹாட்டாக் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் டேட்டனிலிருந்து கிடியன் கூப்பிட்டான்.

டேட்டன் அணியில் அவன் என் வேலையைப் பார்க்கிறவன். ஒரே மாநிலம், ஒரே பிரிவு, வருஷத்துக்கு இரண்டு முறை எங்களைப் போட்டு மிதிக்கும் கூட்டம்.

"இலோனா! பேயெல்லாம் சௌக்கியமா?"

"விஷயத்தைச் சொல்லுடா."

"நீங்க தூக்கின ஓட்டிஸை நாங்க எடுத்துக்கறோம். இன்னிக்கு மத்தியானம் மொபீல் ஊர்ல கை குடுக்கறோம். ஒப்பந்தப்படி இன்னும் ரெண்டு வருஷம் அவருக்கு நீங்க சம்பளம் குடுக்கணும் இல்லியா, அந்தத் தொகையைக் கொஞ்சம் அனுப்பிடேன்."

"அது உனக்கு எதுக்கு?"

"நாங்க குடுக்கறது போக மிச்சத்தை நீங்கதானே குடுக்கப் போறீங்க. நாங்க ரொம்பக் கம்மியாத்தான் குடுக்கறோம்." அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்க முதலாளிக்கு என் நன்றியைச் சொல்லு. பெரிய மனசு."

ஹாட்டாக்கைக் கீழே வைத்துவிட்டேன். முதல் தடவையாகக் கோபத்தில் பசி போனது.

ஓட்டிஸ் ப்ரெஸ்காட் எங்கள் தடுப்பு வரிசைப் பயிற்சியாளர். பந்தை எறிகிறவனின் பெயர்தான் கடைகளில் பனியனாக விற்கும். ஆனால் அவனுக்கு முன்னால் ஐந்து மலைகள் நின்று எதிராளிகளை மறிக்கவில்லை என்றால் அவன் ஆம்புலன்ஸில்தான் வீட்டுக்குப் போவான். அந்த ஐந்து பேரை உருவாக்குவதில் ஓட்டிஸை மிஞ்ச ஆளில்லை. மற்ற அணிகள் காசைக் கொட்டி வாங்குகிற ஆளை, அவர் யாரும் சீந்தாத பையன்களிலிருந்து செய்து தருவார். ரெமி துப்ரே அப்படி வந்தவன்தான். கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசிச் சுற்றில், போனால் போகிறது என்று எடுத்தோம். இன்று இடது ஓரத்தில் அவனைத் தாண்டிப் போகிறவன் இந்த நாட்டிலேயே இல்லை. அவனுடைய ஒப்பந்தம் மார்ச் மாதம் முடிகிறது. அவன் கேட்கப்போகும் சம்பளத்துக்கு என்னிடம் இடம் இல்லை. பேய்கள் அத்தனை நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தன.

சீசன் முடிந்து தன் அலமாரியைக் காலி செய்ய வந்த அன்று ரெமி என் அறைக்குள் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தான். குனியாவிட்டால் நிலைப்படியில் இடிக்கும். "ஓட்டிஸ் கோச் இருந்திருந்தா நான் குறைச்சுக்கிட்டு இங்கேயே இருந்திருப்பேன், இலோனா. நிறையவே குறைச்சிருப்பேன்," என்றான். ஆனால் ஓட்டிஸை நாங்கள் வேலையை விட்டுத் தூக்கிவிட்டோமே!

அது நடந்தது இப்படி. கடைசி ஆட்டத்தில் தோற்ற மறுநாள் எங்கள் முதலாளி எல்வுட் ஹார்கிரேவ் தலைமைப் பயிற்சியாளரை நீக்கினார். நீக்கிய வேகத்தில் அவருக்குக் கீழே இருந்தவர்களையும் கூண்டோடு அனுப்பினார். ஓட்டிஸுக்கு யாரும் தகவல்கூடச் சொல்லவில்லை. பனியில் நின்று அவர் கதவில் அட்டையைத் தேய்க்கிறார், கதவு திறக்கவில்லை. உள்ளே அவர் பையன்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிடியனின் போனை வைத்துவிட்டு முதலாளியின் அறைக்கு ஓடினேன். ஹார்கிரேவ் கார் கண்ணாடி செய்து கோடீசுவரர் ஆனவர். சொந்த விமானம் இருக்கிறது, அதில் காபி கிடையாது. கேட்டால் இரண்டு மணி நேரம் காபி இல்லாமல் செத்துவிடுவாயா என்பார்.

"சார், ஓட்டிஸைத் திரும்பக் கூப்பிடணும். இன்னிக்கே. புதுசா எடுத்திருக்கற தலைமைப் பயிற்சியாளர்கிட்ட போன்ல கேட்டேன், அவருக்கு ரெட்டைச் சந்தோஷம்."

"தூக்கினவனைத் திரும்பக் கூப்பிட்டா ஊர் சிரிக்கும். அது கிடக்கட்டும், பயிற்சியாளருக்குக் குடுக்கற காசு உச்சவரம்புல வருமா?"

"வராது சார்."

"அப்ப அது யார் காசு?"

"உங்க காசு."

"என் பாக்கெட்லேருந்து."

"ஆமா."

"அப்ப எதுக்குக் குடுக்கணும்?"

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். "அதனாலதான் சார் குடுக்கணும்! ஆட்டக்காரன் விஷயத்துல எல்லாருக்கும் ஒரே கோடு. அங்க நாம எவனையும் முந்த முடியாது. இங்க கோடே கிடையாது. எவ்வளவு பெரிய ஆளையும் எத்தனை பேரை வேணும்னாலும் எடுக்கலாம். ஆனா எல்லா முதலாளியும் உங்களை மாதிரியே கையை மூடிட்டு உக்காந்திருக்காங்க. ஒருத்தர் கையைத் திறந்தாப் போதும்."

"அந்த ஒருத்தன் நானா இருக்கணும்னு என்ன தலையெழுத்து?"

நியாயம் பேசிப் பிரயோசனமில்லை. பலவீனத்தில் கை வைத்தேன். "சரி சார், விடுங்க. ஓட்டிஸ் டேட்டனுக்குப் போறார். அவங்க அவருக்குச் சில்லறை குடுக்கறாங்க. மிச்சத்தை ரெண்டு வருஷம் நீங்க குடுக்கறீங்க."

அவர் பேனாவை வைத்தார். "யாருக்கு?"

"டேட்டனோட பயிற்சியாளருக்கு."

"என் காசுல?"

"உங்க காசுலதான். அவர் தயார் பண்ற பையன்கள் செப்டம்பர்ல வந்து நம்மளை மிதிப்பாங்க. அதுக்கும் நாமதான் சம்பளம் குடுத்திருப்போம்."

அவருடைய காதிலிருந்து சிவப்பு கிளம்பி மொட்டைத் தலை முழுக்கப் பரவியது. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "விமானத்தை எடுக்கச் சொல்லு."

வழியெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்து முறைத்துக்கொண்டே வந்தார். ஒரு தடவை மட்டும் திரும்பினார். "எல்லாரையும் தூக்குன்னு நான் கத்தினப்ப நீ ஏன் தடுக்கல, சாபோ?"

"தடுத்தேன் சார். என்னையும் தூக்கிடுவேன்னு சொன்னீங்க."

"அப்படியா சொன்னேன்?" அவருக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது போலிருந்தது.

அலபாமாவின் மொபீல் நகரம் எங்களைவிட ஒரு மணி நேரம் பின்னால். அந்த ஒரு மணி நேரத்தைக் கடவுள் எனக்காகவே ஒதுக்கி வைத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஜனவரிக் கடைசியிலும் கல்லூரியை முடிக்கும் ஆட்டக்காரர்கள் அங்கே மைதானத்தில் திறமையைக் காட்டுவார்கள், எல்லா அணிகளும் பார்க்க வரும். ஆனால் உண்மையான சந்தை மைதானத்தில் இல்லை, ஓட்டல் லாபியில். வேலை போன பயிற்சியாளர்கள் அங்கே கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். பழைய அணியின் சின்னத்தைப் பிரித்தெடுத்த இடத்தில் ஜாக்கெட்டில் நூல் நீட்டிக்கொண்டிருக்கும். யாராவது முதலாளி லிஃப்டிலிருந்து வெளியே வந்தால் அத்தனை தலையும் திரும்பும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. லாபி நடுவில் நாலு பேர் பார்க்கக் கை கொடுத்துவிட்டால் முடிந்தது. ஒப்பந்தத் தாள் பிறகு வரும். கை கொடுத்த ஆளிடம் அதற்கப்புறம் இன்னோர் அணி பேச்சுக் கொடுத்தால் அந்த அணியை எவனும் மதிக்க மாட்டான்.

ஓட்டிஸ் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு சோபாவை முழுவதுமாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் பொரித்த இறால் ஒரு தட்டு. அவருக்கு இரண்டு பக்கமும் அவருடைய பழைய உதவியாளர்கள் இரண்டு பேர், சின்னம் பிரித்த ஜாக்கெட்டோடு நின்றார்கள். இன்னும் யாரும் அவருக்குக் கை கொடுத்திருக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

"மிஸ் இலோனா! வா, உக்காரு, இறால் சாப்பிடு." முதலாளியை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "உன்கூட யாரோ வந்திருக்காங்க போல."

"கோச், டேட்டன் உங்களுக்கு எவ்வளவு குடுக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" விமானத்தில் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்த அஸ்திரம் இது. "நேத்து வேலைக்கு வந்த பையனுக்குக்கூட அதைவிட அதிகம் குடுப்பாங்க. நம்ம தலையில கட்டிட்டு உங்களை இலவசமா ஓட்டிட்டுப் போகப் பாக்கறாங்க. உங்க மதிப்பு அவங்களுக்கு அவ்வளவுதான்!"

ஓட்டிஸ் சிரிக்க ஆரம்பித்தார். சோபா குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்து, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"அவங்க நல்லாத்தான் குடுக்கறேன்னாங்க, மிஸ் இலோனா. குறைங்க, இன்னும் குறைங்க, இன்னும் கொஞ்சம் குறைங்கன்னு நான்தான் பேரம் பேசினேன். அந்தப் பையன் கிடியன் ஏதோ சூதுன்னு நினைச்சு பயந்தே போயிட்டான்."

"ஏன் கோச்?"

"அவங்க குடுக்கற ஒவ்வொரு டாலரும் இந்த மனுஷனுக்கு மிச்சமாகும்." முதல் தடவையாக முதலாளியை நிமிர்ந்து பார்த்தார். "ஆகக் கூடாது."

என் அஸ்திரம் புஸ்ஸென்று போனது. முதலாளி வெடிக்கப் போகிறார் என்று காதைப் பார்த்தேன், சிவப்பு கிளம்புகிறதா என்று. கிளம்பவில்லை. அவருடைய வாயிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அவர் சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது, ஏனென்றால் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"இவ்வளவு கஞ்சத்தனமான யோசனை எனக்கே வந்ததில்லையே," என்றார் ஹார்கிரேவ். எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "என்ன வேணும் உனக்கு, ஓட்டிஸ்? கேளு."

"ஒண்ணும் வேணாம். அங்க நின்னாலும் உங்க காசு, இங்க நின்னாலும் உங்க காசு. காசைக் காட்டி என்னை நகர்த்த முடியாது."

உண்மைதான். ஏற்கனவே விலை கொடுத்து வாங்கின ஆளை மறுபடி எதைக் கொடுத்து வாங்குவது?

"அன்னிக்குக் கோபத்துல பண்ணிட்டேன்," என்றார் முதலாளி. அவர் வாழ்நாளில் மன்னிப்புக்கு மிக அருகில் வந்தது அதுதான்.

"கோபம் வரலாம். என்னை இதுக்கு முன்னாடியும் எத்தனையோ ஊர்ல தூக்கியிருக்காங்க. கதவு திறக்கலேன்னா இன்னொரு கதவு." ஓட்டிஸ் கட்டைவிரலால் இரண்டு பக்கமும் காட்டினார். உதவியாளர்கள் இருவரும் உத்திரத்தைப் பார்ப்பதுபோல் நின்றார்கள். "ஆனா இவங்க ரெண்டு பேரும் ஒரு வருஷ ஒப்பந்தக்காரங்க. தூக்கின அன்னிக்கே சம்பளமும் நின்னு போச்சு. எனக்காவது நீங்க வீட்ல உக்கார வச்சு சோறு போடறீங்க. இவன் பொண்ணு படிப்பு ஆரம்பிச்சு மூணு ஊர் மாறியாச்சு. இன்னொருத்தன் சம்சாரம் பெட்டியைப் பிரிக்கறதையே விட்டுட்டா."

"டேட்டன் இவங்களை எடுத்துக்குதா?" என்று கேட்டேன்.

ஓட்டிஸ் இறாலைத் தட்டில் போட்டார். "ஒருத்தனுக்குத்தான் இடமாம். எவனை விடறதுன்னு மத்தியானத்துக்குள்ள நான் சொல்லணுமாம்."

அப்போதுதான் புரிந்தது அவர் ஏன் இன்னும் கை கொடுக்கவில்லை என்று. முதலாளியின் காதருகே குனிந்தேன். "சார், ரெண்டு பேரையும் எடுத்துக்கலாம்."

"உச்சவரம்புல...?"

"வராது சார். ஒரு டாலர்கூட வராது."

"என் பாக்கெட்."

"உங்க பாக்கெட்."

ஹார்கிரேவ் அந்த இரண்டு பேரையும் பழைய கார் வாங்க வந்தவர்போல் மேலும் கீழும் பார்த்தார். "ஒரு வருஷம்."

"மூணு," என்றார் ஓட்டிஸ். "ரெண்டு பேருக்கும். நீங்க கோபத்துல தூக்கினாலும் பிள்ளைங்க பள்ளிக்கூடம் மாறக் கூடாது."

"மூணா!" பல் பிடுங்கின முகம். லாபியில் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி. மூணு."

உதவியாளர்களில் ஒருவர் உத்திரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொருவர் அவர் முதுகில் கையை வைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நான் துள்ளிக் குதிக்க இருந்த அந்த நொடியில் கண்ணாடிக் கதவு திறந்து கிடியன் உள்ளே வந்தான். பக்கத்தில் டேட்டன் முதலாளி. எங்களைப் பார்த்ததும் கிடியனின் நடை ஓட்டமானது.

"கோச், கையைக் குடுங்க, சீக்கிரம்!" என்றேன்.

ஓட்டிஸ் அசையவில்லை. "இரு. இன்னும் ஒண்ணு பாக்கி. இது அவருக்கு இல்ல, உனக்கு. ரெமி உன்கிட்ட என்ன சொன்னான்?"

"நீங்க இருந்தா குறைச்சுக்கறேன்னான்."

"எவ்வளவு?"

"நிறைய."

"நீ அதை வச்சுத்தான் கணக்குப் போட்டு வச்சிருக்க."

"ஆமா."

என் திட்டமே அதுதான். ஓட்டிஸ் வந்தால் ரெமி குறைவான சம்பளத்துக்கு இருப்பான். அதற்காகத்தான் காபி இல்லாத விமானத்தில் வந்தேன்.

"கூடாது," என்றார் ஓட்டிஸ். குரலில் சிரிப்பு துளியும் இல்லை. "என் பேரைச் சொல்லி அந்தப் பையன்கிட்ட ஒரு டாலர் குறைக்கக் கூடாது. கடைசிச் சுத்துல வந்தவன். இத்தனை வருஷம் அடிமாட்டுச் சம்பளத்துக்கு நின்னான். முழங்கால் அவனோடது, மிஸ் இலோனா, என்னோடதும் இல்ல உன்னோடதும் இல்ல. இந்த ஆட்டம் ஒருத்தனுக்கு ஒரு தடவைதான் பெரிய காசு குடுக்கும். அதுல நான் கை வைக்கறதா?"

"கோச், என்கிட்ட இடமே இல்ல! முழுச் சம்பளம் குடுக்கணும்னா..."

"இடத்தை நான் பண்ணித் தர்றேன். முதல்ல சொல்லு. சரியா, இல்லியா?"

கிடியன் ஒரு பெட்டியைத் தாண்டி, இரண்டு பயிற்சியாளர்களை இடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அவனுடைய வலது கை ஏற்கனவே நீண்டிருந்தது. ஓட்டிஸ் எப்படி இடம் பண்ணுவார் என்று எனக்குத் தெரியாது. அவர் பண்ணாவிட்டால் ரெமி போய்விடுவான், என் வேலையும் போகும். ஆனால் அவர் சொன்னது நியாயம். கணக்குப் பார்க்கிறவளுக்கு நியாயம் தெரியாமல் இருந்தால் நல்லது, எனக்குத் தெரிந்து தொலைத்தது.

"சரி," என்றேன்.

ஓட்டிஸ் சோபாவிலிருந்து எழுந்தார். அதுவே ஒரு பெரிய காரியம். இறால் எண்ணெயோடு இருந்த கையை முதலாளியிடம் நீட்டினார். கோடீசுவரர் எண்ணெயைப் பார்த்தார், தன் சட்டைக் கையைப் பார்த்தார், பிறகு இறுகப் பற்றிக் குலுக்கினார். லாபி முழுக்க ஓவென்று ஒரு சத்தம் எழுந்தது. யாரோ கைதட்டினார்கள். நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை.

கிடியனின் கை காற்றில் நின்றது. "இலோனா! இது அநியாயம்! இவர் எங்க ஆள்!"

"மிச்சத் தொகையை அனுப்பச் சொன்னியேடா. மிச்சமே இல்ல."

டேட்டன் முதலாளி வந்த வழியே திரும்பினார். கிடியன் என்னைப் பார்த்த பார்வையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டலாம். எங்கள் முதலாளி இதையெல்லாம் கவனிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு லாபியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஏதோ புதிதாக ஒரு காய்ச்சல்.

"சாபோ, இவங்க யாருமே உச்சவரம்புல வர மாட்டாங்களா?"

"யாருமே வர மாட்டாங்க சார்."

"அந்த மூலையில நிக்கறானே, தாடி வச்சவன். அவன் என்ன சொல்லித் தருவான்?"

"ஓடறவங்களுக்குப் பயிற்சி குடுப்பார் சார். ரொம்ப நல்ல ஆள்."

ஹார்கிரேவ் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அந்த மூலையை நோக்கி நடந்தார். நான் தடுக்கவில்லை.

"உன் கணக்கை எடு," என்றார் ஓட்டிஸ். மடிக்கணினியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். தடுப்பு வரிசையின் பெயர்களை அவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். நடுவில் நிற்கிறவர் பெயரில் விரல் நின்றது. "இவன் வாங்கற காசுக்கு நிக்கறான், நகர மாட்டேங்கறான். போகட்டும்." விரல் வலது பக்கம் நகர்ந்தது. "இவனும்."

"ரெண்டு பேரும் போனா யார் கோச் நிப்பாங்க? பேய் வேற ரெண்டு கூடும்."

"சின்னப் பேய்தானே? பெஞ்சுல ரெண்டு பசங்க உக்காந்திருக்காங்க, உனக்குப் பேர்கூடத் தெரியாது. கிட்டத்தட்ட சும்மா வேலை பாக்கறாங்க. தனியாளா இருந்தா ஒருத்தனைத்தான் என்னால தேத்த முடியும். இப்ப நாங்க மூணு பேரு." உதவியாளர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஒரு கோடை குடு. ரெண்டு பேரையும் செஞ்சு தர்றோம்."

நான் எண்களை மாற்றினேன். இரண்டு பெரிய சம்பளங்கள் போயின, இரண்டு சின்னப் பேய்கள் வந்தன, இரண்டு பொடிச் சம்பளங்கள் உட்கார்ந்தன. கீழே கூட்டுத்தொகை மாறியது. ரெமியின் முழுச் சம்பளத்தை உள்ளே போட்டேன். கோட்டைத் தாண்டவில்லை. நம்பாமல் அழித்துவிட்டு மறுபடி போட்டேன். தாண்டவில்லை! பயிற்சியாளருக்கு முதலாளியின் பாக்கெட்டைத் திறந்தால் ஆட்டக்காரனுக்குக் கோட்டுக்குள் இடம் பிறக்கும் என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். அது இத்தனை சுத்தமாகக் கண் முன்னால் நடந்து நான் பார்த்ததில்லை. அந்த எண்ணெய் விரலைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

ரெமியின் ஏஜென்டைக் கூப்பிட்டு, அவரை வைத்துக்கொண்டே ரெமியையும் இணைத்தேன். லூசியானாவில் அம்மா வீட்டில் இருந்தான். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"ரெமி, ஓட்டிஸ் கோச் வர்றார்."

டிவி சத்தம் நின்றது. பிறகு அவன் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து தூரமாகப் பிடித்தேன். "சொன்ன சொல் சொல்தான், இலோனா! குறைச்சுக்கறேன். எங்க கையெழுத்து?"

ஏஜென்ட் பதறிப்போய் இருமினார்.

"குறைக்க வேண்டாம்," என்றேன். "முழுசா குடுக்கறோம். வெளியில உனக்கு என்ன விலையோ அது."

ஏஜென்டின் இருமல் நின்றுவிட்டது. ஓட்டிஸ் பொறுமையில்லாமல் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "டேய், உன் இடது கால் இன்னும் தாமதமாத்தான் வருது. நான் சொல்றேன் கேளு, முதல் அடி வைக்கும்போதே..."

"கோச்! விதி!" திரும்பப் பிடுங்கினேன். "ஏப்ரல் வரைக்கும் ஆட்டக்காரன்கிட்ட ஆட்டத்தைப் பத்திப் பேசக் கூடாது. அபராதம் போடுவாங்க!"

ஓட்டிஸ் முணுமுணுத்துக்கொண்டு இறாலுக்குத் திரும்பினார்.

"இலோனா," என்றான் ரெமி. குரல் இறங்கியிருந்தது. "நீங்க கேட்டிருந்தா நான் குறைச்சிருப்பேன்."

"தெரியும்."

"கேக்கவே இல்லியே?"

நான் ஓட்டிஸைப் பார்த்தேன். அவர் தட்டைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. "கேக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொல்லிட்டார்," என்றேன்.

யார் என்று அவன் கேட்கவில்லை. போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. அம்மாவிடம் சொல்லப் போகிறேன் என்றான், ஆனால் போனை வைக்காமல் அப்படியே இருந்தான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

ஓட்டிஸ் தலையைத் தூக்காமல் கேட்டார். "அழறானா?"

"ஆமா கோச்."

"அழட்டும்," என்றார். "ஏப்ரல்லேருந்து நான் அழ வைக்கறேன்."